ஈரமணலுக்கும் காய்ந்த மண்ணுக்கும்

கால்சட்டையின் வலது பையைத் தையல்காரி வெளியே இழுத்துத் திருப்பியபோது, ஒரு கைப்பிடி ஈரமணல் தரையில் கொட்டியது.

ஆஸ்பத்திரியில் அந்த உடுப்புகளைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கணவர் காலையில் போட்டுக்கொண்டு போனவை. அவர் இப்போது கூடத்தில், அவளே தைத்த நீலச் சட்டையில் படுத்திருந்தார். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். வந்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் தையல் அறைக் கதவை ஒருக்களித்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"லைப்ரரிக்குப் போய் பேப்பர் பார்த்துட்டு வரேன்" என்றுதான் கிளம்பினார். உடுப்பு முழுக்க ஈரமாக இருந்தது. எந்த லைப்ரரியில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கிறது?

தைக்கவும் பிரிக்கவும் வரும் துணிகளில் ஊரார் பைகளையெல்லாம் முப்பது வருஷம் துழாவியவள் அவள். கணவரின் பையில் கை வைத்ததில்லை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதி ஓய்வு பெற்ற மனுஷனிடம் ஒளித்து வைக்க என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்திருந்தாள். மூன்று மாதமாகத்தான் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. விடிந்தும் விடியாமலும் கிளம்பிப் போவார். கால்சட்டை மடிப்பில் மணல் இருக்கும். போன் அடித்தால் எழுந்து கொல்லைப்புறம் போவார். கேட்டால், "வயசாச்சுல்ல, நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்பார். எந்த டாக்டர் என்று கேட்டால் இருமல் வந்துவிடும்.

சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. நனைந்திருந்தும் எழுத்து கலையவில்லை. மீட்டர் எண்களை எழுதிப் பழகிய அதே குத்துக்குத்தான கையெழுத்து.

'ஈரத்தில் ஓயாமல் கத்துகிறது. காய்ந்ததில் சரி. இரண்டுக்கும் ஒன்றே போதும் என்கிறார். வியாழன், அவள் வகுப்புக்குப் போன பிறகு.'

மறுபடியும் படித்தாள். அந்த 'அவள்' தான்தான் என்பது புரிந்தது. வியாழக்கிழமைதோறும் அவள் தையல் வகுப்பு எடுக்கப் போவாள். அதற்குப் பிறகு, இந்த வீட்டில், யார்?

வார்டில் நர்ஸ் சொன்னது வேறு காதிலேயே நின்றது. "ஒரு ஆள் தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஓடி வந்தாரும்மா. வீட்டுக்கு போன் பண்ணச் சொல்லி நம்பர் கொடுத்தார். கையெழுத்து வாங்கலாம்னு திரும்பினா ஆளைக் காணோம்."

கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்தாள். கணவருக்கு ஒரே தங்கை. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது, ஆனால் கண் முதலில் தரையில் கிடந்த மணலுக்குத்தான் போனது.

"என்ன அண்ணி இது?"

"உங்க அண்ணன் லைப்ரரியில இருந்து கொண்டு வந்தது."

நாத்தனார் காகிதத்தை வாங்கிப் படித்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "எனக்கு அப்பவே உறுத்துச்சு. போன மாசம் என் வீட்டுக்கு வந்த அண்ணன், அந்தப் பழைய கதையைத் தோண்டித் தோண்டிக் கேட்டார். அன்னிக்குக் கடல்ல நீ எங்க நின்னே, வீட்டுக்கு வந்து எந்தக் குழாயில கால் கழுவினேன்னு. என் சங்கிலி தொலைஞ்சு பதினெட்டு வருஷம் ஆச்சு. எடுத்தவன் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். இப்ப எதுக்குன்னேன்."

எல்லாருக்கும் தெரிந்த அந்த 'எடுத்தவன்' தையல்காரியின் தம்பி. அம்மா போன பிறகு பத்து வயதில் அவளிடம் வந்தவன். பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளையாக வளர்ந்தவன். கடலுக்குப் போய்த் திரும்பிய அன்று சாயங்காலம் சங்கிலியைக் காணோம் என்றதும், கணவர் அவனைக் கூடத்தில் நிறுத்திக் கேட்டார். அவன் பையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தது கணவர் இல்லை. அவள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததையே, கெட்டிக்காரத்தனமாக மறைத்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் போனவன் திரும்பவில்லை. ஊரின் மறுகோடியில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான் என்று கேள்வி.

வாசலில் ஆட்டோ நின்றது. சட்டையில் கடையின் பெயர் தைத்த ஒருவர், நீளமான அட்டைப்பெட்டியோடு இறங்கினார். கூடத்தைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"சார் போன் எடுக்கல. அதான் நானே கொண்டு வந்தேன்... இப்படின்னு தெரியாதும்மா."

"என்ன பெட்டி இது?"

"மெட்டல் டிடெக்டர். மண்ணுக்குள்ள கிடக்கிற நகை, காசைக் கண்டுபிடிக்கிற மெஷின். மூணு மாசமா எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டு, சரியில்லைன்னு திருப்பிக் கொண்டு வருவார். இதுதான் நாலாவது."

"எது சரியில்லையாம்?" போலீஸ்காரர் கேட்பது மாதிரி கேட்டாள்.

கடைக்காரர் பெட்டியைச் சுவரோரம் சாய்த்தார். தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. "முதல்ல கொடுத்தது காய்ஞ்ச மண்ணுக்கு அருமையானதும்மா. கடலோரம் கொண்டுபோனா உப்பு ஈரத்தையே உலோகம்னு நினைச்சு ஓயாம கத்தும். அடுத்தது உப்பைக் கண்டுக்காது, ஆனா இரும்பாணியும் தங்கமும் அதுக்கு ஒண்ணுதான். கொல்லையில வச்சா ஆணிக்கும் மூடிக்குமா தோண்டியே இடுப்பு போயிடும். மூணாவது ரெண்டு இடத்துலயும் வேலை செய்யும், ஆனா முழங்காலுக்கு மேல தண்ணியில இறக்க முடியாது. இதை இறக்கலாம். ரெண்டுக்கும் இது ஒண்ணே போதும்னு நான்தான் சொன்னேன்."

அவள் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தாள். கொல்லையில் கொய்யா மரத்தடியில் வாரா வாரம் புதிதாகக் குழிகள் தெரிந்ததும், கணவர் "பெருச்சாளி" என்று அடித்துச் சொன்னதும், அதை நம்பி இவள் கூண்டு வாங்கி வைத்ததும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

"சங்கிலின்னா கஷ்டம்னு முதல்லயே சொல்லிட்டேன். மோதிரம்னா ஓங்கிக் கத்தும். சங்கிலி கண்ணி கண்ணியா இருக்கிறதால சத்தமே வராது. இருந்தாலும் விடல. சாரும் மச்சானும்..."

"எந்த மச்சான்?"

"உயரமா, ஒல்லியா... கொக்குன்னு கூப்பிடுவார்."

நாத்தனார் தோளில் தொங்கிய கைப்பையை முன்னால் இழுத்து அணைத்துக்கொண்டாள். கடைக்காரர் பேச்சுக்காக இல்லை. வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் தையல்காரியின் தம்பி கொக்கு நின்றிருந்தான். தலை முன்பக்கம் நரைத்திருந்தது.

"அண்ணி, இவன்தான் அண்ணனோட போயிருக்கான்" என்று நாத்தனார் காதோரம் சொன்னாள். "கூட இருந்தவன் ஏன் ஆஸ்பத்திரியில இருந்து ஓடணும்? கேளு. கிடைச்சுதோ என்னமோ."

தையல்காரிக்கும் அதே கேள்விதான். அவனைக் கையைப் பிடித்துக் கூடத்தின் வழியாக இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். போகிற போக்கில் அவன் ஒரு கணம் நின்று, படுத்திருந்தவரின் முகத்தைப் பார்த்தான்.

"ஏன்டா ஓடினே?"

"நீ வரேன்னு சொன்னாங்க."

"வந்தா?"

"நான் மட்டும் கூட இருக்கும்போது செத்துப் போயிருக்கார். நீ என்னைத்தானே முதல்ல பார்ப்பே."

அவள் அவன் கையை விட்டாள்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி கடைக்கு வந்தார்க்கா. ரிப்பேருக்கு எதுவும் கொண்டு வரல. கம்ப்ரஸர் மேல கையை வச்சுக்கிட்டே கால் மணி நேரம் நின்னார். 'உனக்கு மெஷின் சமாச்சாரம் தெரியும், இதுல எது நல்லது சொல்லு'ன்னு ஒரு பேப்பரை நீட்டினார். அவ்வளவுதான். மன்னிப்பு கின்னிப்பு எதுவும் கேக்கல."

"நீயும் உடனே போயிட்டியாக்கும்."

"எனக்கு எதுக்குக்கா? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா? அவருக்குத்தான் கண்டுபிடிச்சாகணும். 'நீ எடுக்கலைன்னு எனக்கு எப்பவோ தெரியும்டா, வந்து சொல்ல வெக்கமா இருந்துச்சு, கையில சங்கிலியோட வந்தா சொல்றதுக்கு சுலபம்'னார். கடல்ல விழுந்திருக்கலாம், இல்லைன்னா இங்க குழாயடியில கால் கழுவும்போது விழுந்திருக்கலாம். ரெண்டு இடத்தையும் சல்லடை போட்டோம். இன்னிக்கு அந்தப் பழைய மெஷினோட முழங்கால் ஆழ அலையில நின்னுக்கிட்டிருந்தார். காதுல மாட்டியிருந்த ஹெட்போனைக் கழட்டி என்கிட்ட கொடுத்தார். 'உனக்கு ஏதாவது கேக்குதா பாரு'ன்னார். நான் மாட்டிக் கேட்டேன். ஒண்ணும் இல்ல. திரும்பறதுக்குள்ள உட்கார்ந்துட்டார்."

கொய்யா இலை ஒன்று அவன் தோளில் விழுந்தது. அவன் தட்டிவிடவில்லை.

"கிடைக்கவே இல்லையா?" என்றாள். சாதாரணமாகக் கேட்பதாகத்தான் நினைத்தாள். ஆனால் அவள் கண் அவன் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியதை அவன் பார்த்துவிட்டான்.

"பையைக் காட்டணுமாக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் இரண்டு கையையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரோ நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தார்கள்.

"அந்த மெஷினை என்ன செய்யறது? இன்னும் இந்தச் சுவரோரம் பாக்கி இருக்கு. நான் வேணா தனியா..." என்றான்.

அவள் உள்ளே போனாள். சுவரோரம் சாய்த்திருந்த பெட்டியைத் தானே தூக்கிக் கடைக்காரர் கையில் கொடுத்தாள்.

"கொண்டு போயிடுங்க. இங்க தேடறதுக்கு ஒண்ணும் இல்ல."

"என்ன அண்ணி, சங்கிலி..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள்.

"உன் சங்கிலி கடல்ல போச்சு. அன்னிக்கே போச்சு. நான்தான் சொல்லாம இருந்துட்டேன்."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தையல்காரி நன்றாக அறிவாள். பதினெட்டு வருஷமாகத் தம்பியின் பக்கம் திரும்பியிருந்தது, இப்போது தன் பக்கம் திரும்புகிறது. திரும்பட்டும் என்று நின்றாள்.

சவப்பெட்டியைத் தூக்க நாலு பேர் வந்தபோது, கொக்கு பின்னால் ஒதுங்கினான். "நீ முன்னாடி வா" என்றாள். அவன் உயரத்துக்குப் பெட்டி ஒரு பக்கம் ஏறி நின்றது. மற்றவர்களுக்குச் சரியாக வர, கல்லறை வரைக்கும் முட்டியை மடித்து மடித்தே நடந்தான்.

திரும்பி வந்து வாசலில் நின்றவனின் வெள்ளைச் சட்டை, சுமந்த தோளில் தையல் விட்டு, விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. கூடத்தில் ஆட்கள் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கழட்டு" என்றாள்.

அவன் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு, கைகளைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். வெள்ளை நூல் தீர்ந்திருந்தது. அவள் சாம்பல் நூலை எடுத்து, ஊசிக் காதைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.