எண்பத்தெட்டரையில் ஒரு கரகரப்பு

நல்லையாவின் வேனில் பாட்டுப் போட்டால் பாடுகிறவர்கள் எல்லாருக்கும் தடிமன் பிடித்த மாதிரி இருக்கும். ஆண் குரல், பெண் குரல், நாதஸ்வரம், மேளம் எதுவானாலும் ஒரே கரகரப்பு. பதுளையிலிருந்து பசறைக்கு மேலே உள்ள தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர்மாரைக் காலையில் ஏற்றிப் போய்ப் பின்னேரம் கொண்டுவந்து விடுவது அவர் தொழில். அந்த வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி அவருடைய தோள்பட்டை தேய்ந்துவிட்டது, முழங்கால் தேய்ந்துவிட்டது, பொறுமையும் பாதி தேய்ந்துவிட்டது. இதில் பாட்டு வேறு.

முன் சீட்டில் செல்வநாயகி டீச்சர். ஊர் யாழ்ப்பாணம், மாற்றலாகி வந்து பதுளையிலேயே தங்கிவிட்டவர். ஸ்பீக்கர் அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது, பாவம்.

"நல்லையா, உதென்ன மனுசர் பாடுறதோ, தகரம் இழுக்கிறதோ? ஒண்டில் வடிவாக் கேக்கப் பண்ணுங்கோ, இல்லையெண்டா நிப்பாட்டுங்கோ. இப்பிடியே போனா பள்ளிக்கூடத்து அடுத்த தவணைக்கு நாங்கள் வேற வேன்தான் பாக்கவேணும்."

"பாக்கிறேங்க டீச்சர்" என்பார் நல்லையா.

அந்த மனிதர் "பாக்கிறேன்" என்றால் அந்தக் காரியம் நடக்காது என்று அர்த்தம். லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று மனைவி மாரியாயி சொன்னபோதும் "பாக்கிறேன்" என்றுதான் சொன்னார். மூன்று மழைக்காலம் போய்விட்டது, கூரை அப்படியே இருக்கிறது.

சத்தம் ஏன் இப்படி என்பதற்கு ஒரு கதை உண்டு. வேன் ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்தது. அதன் ரேடியோவும் ஜப்பான்காரர்களுக்காகச் செய்தது. தொண்ணூறாம் நம்பரோடு நின்றுவிடும். நம்முடைய வானொலிகள் பெரும்பாலும் அதற்கு மேலேதான் பேசுகின்றன. வயர் கொடுத்துப் பாட்டுக் கேட்கவும் அதில் ஓட்டை கிடையாது. ஆகவே அந்த நாளில் இப்படிப்பட்ட வேன் வைத்திருந்த எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். சிகரெட் லைட்டர் ஓட்டையில் ஒரு சின்ன எம்.பி.திரீ பெட்டியைச் செருகுவது, அதன் முதுகில் பென் டிரைவைச் செருகுவது. அந்தப் பெட்டி ஒரு குட்டி வானொலி நிலையம். அது பாட்டை அனுப்ப, பக்கத்திலேயே இருக்கிற ரேடியோ பிடித்துப் பாடும். தொண்ணூறுக்குக் கீழே ஏதாவது ஒரு நம்பரில் இரண்டையும் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

நல்லையாவின் வேனில் இதையெல்லாம் செய்தது மகன் சதீஸ்குமார். அப்போது அவனுக்கு இருபத்துச் சொச்சம் வயது. அப்பாவுக்குத் தன் பாட்டெல்லாம் வேண்டும், அம்மாவுக்குத் தன் பாட்டெல்லாம் வேண்டும். இருந்ததோ விரல் நுனி அளவு பென் டிரைவ். அவன் பாட்டுகளை நசுக்கி நசுக்கி அத்தனையையும் அதற்குள் அடைத்தான். அப்பா பாட்டு ஒன்று, அம்மா பாட்டு ஒன்று, தன் பாட்டு ஒன்று என்று வரிசை வைத்தான். கதிர்காமத்து முருகன் பாட்டு முடிந்ததும் ஒரு தாலாட்டு வரும். தாலாட்டு முடிந்த கையோடு மேளம் அதிர ஒரு குத்தாட்டம். ஏறுகிறவர்கள் சிரிப்பார்கள், வீட்டில் மூன்று பேருக்கும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் பூனாகலைப் பக்கம் கல்யாண வீட்டு ஆட்களோடு ஒரு ஹயர். சதீஸ்குமார்தான் ஓட்டினான், நல்லையா பக்கத்து சீட்டில். ஒரு வளைவில் வேறேதோ வானொலி பாட்டுக்குள் விழுந்தது. அவன் நம்பரைத் திருகினான், வேன் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் இறங்கியது. பின்னால் இருந்த வயதான அம்மா ஒருவருக்குக் கை முறிந்தது. நல்லையா அத்தனை பேர் முன்னிலையிலும் மகனை அறைந்தார். "ஸ்டியரிங் புடிக்கிற கையா இது?" என்று கேட்டார். அவன் அன்று பின்னேரம் வேனைக் கழுவினான். ரேடியோவையும் பெட்டியையும் எண்பத்தெட்டரையில் நிறுத்தினான். இனி யாரும் திருகக் கூடாது என்று இரண்டு பொத்தான்களின் மேலும் கறுப்பு டேப் ஒட்டினான். மறுநாள் போய்விட்டான்.

அது நடந்து இரண்டு வருஷம். பக்கத்து வீட்டுப் போனுக்கு அவன் அழைப்பான், மாரியாயி போய்ப் பேசுவாள். "எங்கயோ ஓட்டல் வேன் ஓட்டுறானாம்" என்பாள், அதற்கு மேல் சொல்ல மாட்டாள். எந்த ஊர், சாப்பிட்டானா, என்னைக் கேட்டானா என்று ஒரு வார்த்தை கேட்டால் இந்த மனிதரின் வாய் வெந்தா போய்விடும்? கேட்கவில்லை. வேனில் ஏறி அந்தக் கரகரப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். மகனிடமிருந்து அவருக்கு மிச்சம் இருந்தது அந்த டேப்பும் அந்தப் பாட்டு வரிசையும்தான்.

டீச்சரின் தொல்லை பொறுக்க முடியாமல் ஒரு நாள் பதுளையில் றஷீனாவின் கடைக்குப் போனார். போன் திருத்துவதும் பாட்டு ஏற்றுவதும் அவளுடைய வேலை. வேனுக்கே வந்து பார்த்தாள்.

"அண்ணே, பெட்டியில சத்தத்தைக் கூட்டுங்க, ரேடியோவில குறைங்க. நீங்க தலைகீழா வெச்சிருக்கீங்க."

செய்து பார்த்தார். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, கரகரப்பு போகவில்லை. றஷீனா பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பாட்டையெல்லாம் நசுக்கி வெச்சிருக்கு. இனி எந்த ஸ்பீக்கர் போட்டாலும் இப்படித்தான். நசுக்கினதில போனது போனதுதான், திரும்பி வராது. பெரிய பென் ஒன்டில நல்ல பாட்டா ஏத்தித் தாரன்."

"இதே வரிசையிலயாம்மா?"

"இந்த வரிசை என்னத்துக்கு? ஒன்டுக்கொன்டு சம்பந்தமே இல்ல. நான் வடிவா அடுக்கித் தாரன்."

நல்லையா பென் டிரைவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பாக்கிறேன்ம்மா" என்றார். படியிறங்கப் போனவர் திரும்பி, "சில நாளு ஆஸ்பத்திரிக்கிட்ட போறப்ப ஒரு நொடி நல்லா கேக்குது. அப்புறம் பழையபடி ஆயிருது. அது ஏன்?" என்று கேட்டார்.

"அது வேற வேன்காரன்ட பாட்டு வந்து விழுறது. பக்கத்தில வந்தா விழும். ஜப்பான் ரேடியோ வெச்சிருக்கிறவங்க எல்லாரும் அந்தக் கொஞ்ச இடத்துக்குள்ளதானே நிக்கிறாங்க."

அப்படியா என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

கார்த்திகை மாதம் மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் காலை பசறை ரோட்டில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. பெக்கோ இயந்திரம் ஒன்று சேற்றை அள்ளிப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் வரிசையில் நல்லையாவின் வேன்தான் முதல். சேற்றுக்கு அந்தப் பக்கமும் ஒரு வரிசை நின்றது, பனி மூட்டத்தில் வெளிச்சங்கள் மட்டும் தெரிந்தன. பின் சீட்டில் டீச்சர்மார் தூங்கிவிட்டார்கள். நல்லையா எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் ஓட விட்டிருந்தார். அவருக்கும் கண் சொருகியது. இரவு முழுக்கக் கூரை ஒழுகி, பாத்திரம் மாற்றி மாற்றி வைத்த அலுப்பு.

"நல்லையா, எனக்குத் தலையிடி" என்றார் செல்வநாயகி டீச்சர். இந்த முறை அவர் குரலில் கோபம்கூட இல்லை. "இண்டைக்கு ஒரு நாளைக்கு நிப்பாட்டுங்கோ."

நல்லையா கையை நீட்டிப் பெட்டியை ஓட்டையிலிருந்து பிடுங்கினார்.

பாட்டு நிற்கவில்லை.

கரகரப்புத்தான் நின்றது. தாலாட்டு ஒன்று ஓடியது. வயலின் தனியாகக் கேட்டது, பாடுகிற பெண் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

"இப்ப எவ்வளவு வடிவாக் கேக்குது. என்ன செய்தனீங்கள்?" என்றார் டீச்சர்.

நல்லையா தன் கையைப் பார்த்தார். பெட்டியும் பென் டிரைவும் கைக்குள் இருந்தன. தாலாட்டு முடிந்தது. மேளம் அதிரக் குத்தாட்டம் தொடங்கியது. அது மாரியாயியின் பாட்டு, இது மகனுடையது. ஊவா மாகாணம் முழுக்கத் தேடினாலும் தாலாட்டுக்குப் பின்னால் இதைப் போடுகிற பைத்தியக்காரன் ஒருவன்தான் இருக்க முடியும்.

கதவைத் திறந்து இறங்கினார். மழை. சேற்றுக்குள் காலை வைத்தார். பெக்கோக்காரன் சிங்களத்தில் ஏசினான். "அந்தப் பக்கம் எங்கடா போறான் இந்த மனுசன்" என்று வரிசையில் யாரோ சிரித்தார்கள். நடுவில் ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. அதைத் தேடக் குனிய முழங்கால் இடம் தரவில்லை, விட்டுவிட்டு நடந்தார். அந்தப் பக்கத்தின் முதல் வண்டி வெள்ளை வேன். கதவில் எல்ல என்ற ஊரில் உள்ள ஏதோ ஓட்டலின் பெயர். பக்கத்து சீட்டின் கதவு உள்ளிருந்து திறந்தது.

ஏறி உட்கார்ந்தார். சதீஸ்குமார் கொஞ்சம் தடித்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வேன் காலியாக இருந்தது. இரண்டு பேரும் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குத்தாட்டம் முடிந்து முருகன் பாட்டுத் தொடங்கியது.

"நல்லா கேக்குது" என்றார் நல்லையா. இரண்டு வருஷத்துக்குப் பிறகு பிள்ளையிடம் பேச அவருக்குக் கிடைத்தது அதுதான்.

"எல்லாத்தையும் புதுசா ஏத்துனேன்ப்பா. அதே வரிசை, அதே நம்பர்."

"ம்."

"உங்க வண்டி எனக்கு அப்பப்ப கேக்கும். ஆஸ்பத்திரிக்கிட்ட, பசறை டவுன்ல. கரகரன்னு விழுந்தா நீங்கதான்னு தெரியும். ஒடனே என்னோடதப் புடுங்கிருவேன்."

"ஏன்?"

"நீங்க தாண்டிப் போற வரைக்கும் உங்க பாட்டக் கேக்கலாம்ல."

நல்லையாவுக்கு அழுகை வந்தது. அதை மறைக்கிற தெம்புகூட அன்று அவரிடம் இல்லை. ஈரச் சட்டையில் முகத்தைத் துடைத்தார். "இன்னைக்கு ஏன் புடுங்கல?"

"ஒளிஞ்சு ஒளிஞ்சு கேட்டு அலுத்துப் போச்சுப்பா" என்றான் அவன்.

பெக்கோ ஓரமாக ஒதுங்கியது. ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி திறந்திருந்தது. பின்னால் ஹார்ன் அடிக்கத் தொடங்கினார்கள்.

"வூட்டுக்கு வாடா. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா, ஆனா பாத்துக்கிட்டேதான் இருக்கா. நானும்தான்."

சதீஸ்குமார் வைப்பரை ஒரு முறை ஓடவிட்டான்.

"பாக்கிறேன்ப்பா" என்றான்.

நல்லையாவுக்கு அந்த வார்த்தை தெரியும். வாழ்நாள் முழுக்கச் சொன்னவருக்குத் தெரியாதா?

அவர் இறங்கும்போது மகன் தன் பெட்டியிலிருந்து பென் டிரைவைக் கழற்றி நீட்டினான். "இதக் கொண்டுபோங்கப்பா. எனக்கு வேற ஏத்திக்குவேன். டீச்சர்மாரும் சத்தம் போட மாட்டாங்க."

நல்லையா அதை வாங்கிப் பார்த்தார். பிறகு மகனுடைய கையை விரித்து, அதிலேயே வைத்து மூடினார்.

"வேணாம். நல்லா கேட்டா நான்தான்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?"

ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்து வேனில் ஏறினார். பெட்டியை ஓட்டையில் செருகினார். கரகரப்பு வந்தது. செல்வநாயகி டீச்சர் ஏதோ சொல்ல வாய் எடுத்தவர், அவருடைய முகத்தையும் சேறு படிந்த காலையும் பார்த்தார்.

"அடுத்த தவணைக்கு வேற வேன் பாத்துக்குங்க டீச்சர். இது இப்புடித்தான் பாடும்."

"சரி விடுங்கோ நல்லையா. கிடந்து பாடட்டும்" என்றார் அவர், கைக்குட்டையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு.

முதலில் இந்தப் பக்கத்து வண்டிகளை விட்டார்கள். நல்லையா சேற்றின் மேல் மெதுவாக ஏற்றினார். வெள்ளை வேனை ஒட்டிக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தார். மகன் குனிந்து லைட்டர் ஓட்டையிலிருந்து தன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.