கன்னத்தில் ஒரு ஷில்லிங்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல, பக்கத்து வீட்டு வெண்டல் டிரிப்பினுடையது. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, இரண்டு கோப்பை காப்பிப் பால் குடிக்கும் நேரத்தில் முக்கால்வாசிக் கதையைச் சொன்னார். மீதிக் கால்வாசியைச் சொல்லாமல் எழுந்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு எப்போது கேட்டாலும் மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறார்.

நானோ வாராவாரம் 'தொடரும்' போட்டு வளர்ந்தவன். முக்கால் கதை கிடைத்தால் போதாதா? அன்று மத்தியானமே ஆரம்பித்துவிட்டேன்.

தொடக்கம் ஒன்று: "டிவர்ட்டன் ஊருக்கு வெளியே, மெடெய்ரோஸின் மக்காச்சோள வயலில், எட்டு அங்குல ஆழத்தில், அந்தக் கை கிடந்தது."

கை எதுவும் கிடக்கவில்லை. ஆனால் முதல் வரியில் கை கிடந்தால் வாசகர் கதையைத் தாண்டிப் போகமாட்டார் என்பது என் முப்பது வருட அனுபவம். வெண்டலுக்குத் தமிழ் தெரியாது. வாய்மொழியாகச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கினார்.

"யாரோட கை?"

"இன்னும் முடிவு பண்ணல."

"கை கிடைச்சா போலீஸ் வரும் ரைட்டரே. போலீஸ் வந்தா மஞ்ச ரிப்பன் கட்டுவான். அப்புறம் வயலுக்குள்ள எவன் விடுவான்? அந்த அனுமதிக்கு நான் மூணு வருஷம் நாயா அலைஞ்சிருக்கேன். மொதல்ல கைய எடு."

எடுத்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "ஹெட்போனில் அந்த ஒலி கேட்டதும் வெண்டலின் ரத்தம் உறை—"

(உறையவில்லை. சோடா டின்னின் திறப்பு வளையம் என்று நினைத்தார். பத்தொன்பது வருடமாக எல்லாமே அதுவாகத்தான் இருந்திருக்கிறது.)

சரி. நேராகவே போகிறேன்.

2

வெண்டலுக்கு அறுபத்து மூன்று வயது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். சனிக்கிழமை ஆனால் மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, முந்நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ குடியிருந்த வயல்களில் இறங்கிவிடுவார். காலனி காலத்துச் சாமான் தேடுவது அவருக்குக் குடும்பம் மாதிரி.* இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பொத்தான், ஒரு வாளி ஈயக் குண்டு, பாதி உடைந்த செருப்புக் கொக்கி பதினேழு. வெள்ளிக்காசு? ஒன்றுகூடக் கிடையாது.

* காலனி காலம் என்றால் நமக்கு வேறு நினைவு. இங்கேயும் அதே ஜார்ஜ் மன்னர்கள்தான். அந்த வம்சத்தைத் துப்பாக்கி தூக்கித் துரத்தியவர்களின் பேரப்பிள்ளைகள், இப்போது மண்டி போட்டு அவர்கள் காலத்துச் சட்டைப் பொத்தானைத் தேடுகிறார்கள். மனிதர்களைப் புரிந்துகொள்ள நான் முயல்வதில்லை.

டிடெக்டர் தூக்கும் இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். முதல் வெள்ளி கிடைத்தால், கிடைத்த இடத்திலேயே நின்று கத்திவிட்டு ஒரு ஆட்டம் ஆட வேண்டும். வெண்டலின் சங்கத்தில் நாற்பத்தொரு பேர். நாற்பது பேர் ஆடியாயிற்று. நாற்பத்தொன்றாவது ஆள் தன் ஆட்டத்தைக் கார் கொட்டகைக்குள் ரகசியமாகப் பழகி வைத்திருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒரு சுற்று சுற்றி, தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார். பெரும்பாலும் பிடிக்கமாட்டார்.

அவருடைய கூட்டாளி இர்மா ஆல்மி. ஊர்த் தபால் வண்டி ஓட்டும் பெண்மணி. வெள்ளி பதினான்கு. எண்ணிக்கை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், 'காலை வணக்கம்' சொன்னாலே அவர் எண்ணிக்கையோடுதான் திருப்பிச் சொல்வார்.

இந்த இர்மா என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தொடர்கதையில் இவர் சும்மா நிற்க முடியாது. வில்லியாக்கிப் பார்த்தேன்: "வெண்டலின் முதுகுக்குப் பின்னால், மண்வெட்டியை ஓங்கியபடி இர்மா மெல்ல—"

இதை இர்மாவிடம் நேரிலேயே சொன்னேன்.

"என்ன மண்வெட்டி?"

"சும்மா... மண்வெட்டி."

"ஓரத்துல பல்லு வெச்சதா? நீளக் காம்பா, குட்டைக் காம்பா? இது கூடத் தெரியாம கொலை பண்ண வந்துட்டீரு. போய்யா."

வில்லி ரத்து.

3

இப்போது ஒப்பந்தம். கதையின் முதுகெலும்பு இதுதான், கொஞ்சம் கவனியுங்கள்.

வயல்காரர் ஆர்மாண்டோ மெடெய்ரோஸ். எழுபது வயது, எண்பது மாடு. ஆறு வருடம் முன்பு வெண்டலின் கையைக் குலுக்கி அவர் சொன்னது: "தோண்டிக்கோ. ஆனா கண்டதெல்லாம் சாயங்காலம் உன் வண்டியோட பின்கதவைச் சாய்ச்சு அதுமேல பரப்பணும். பையையும் பாக்கெட்டையும் உதறிக் காட்டணும். மொதல்ல நான் ஒண்ணு எடுப்பேன். மிச்சம் உங்களுது."

காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. இந்தக் கூட்டத்துக்கு நிலத்துக்காரரிடம் கொடுத்த வாக்குதான் சாமி. அதை மீறியவனை வேறு எந்த வயலும் சேர்க்காது.

ஆறு வருடமாக மெடெய்ரோஸ் எடுத்ததெல்லாம் இரும்பு. எருது லாடம், கதவுக் கீல், கலப்பைக் கொழு. எடை அதிகமாக இருந்தால் மதிப்பும் அதிகம் என்பது அவர் கணக்கு. வெண்டல் நிம்மதியாகத்தான் இருந்தார், போன ஏப்ரல் வரை.

ஏப்ரலில் இர்மாவுக்கு ஒரு செப்புக்காசு கிடைத்தது. ஜார்ஜ் மன்னர் தலையோடு, வருடம் தெளிவாக. இந்த மாதிரிக் காசை விரலால் தேய்க்கவே கூடாது. மண்ணோடு சேர்ந்து மன்னரும் போய்விடுவார். மெடெய்ரோஸ் அதை எடுத்தார். எச்சில் துப்பி, ஜீன்ஸில் தேய்த்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் இரும்பு நார் போட்டுத் தேய்த்தார். துளை போட்டார். தன் நாய் பிமென்டாவின் கழுத்துப் பட்டையில் மாட்டிவிட்டார்.

பிமென்டா குரைக்கும்போதெல்லாம் மன்னர் ஆடுகிறார். இர்மா அந்த நாயை இன்றுவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மெடெய்ரோஸிடம் இன்னொரு நாய் இருக்கிறது. அதன் கழுத்துப் பட்டை காலியாக இருக்கிறது.

(இந்த இடத்தில் 'தொடரும்' போட்டிருப்பேன். பழக்க தோஷம்.)

4

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை. மக்காச்சோளம் அறுத்து அடித்தட்டை மட்டும் நிற்கிறது. திங்கட்கிழமை குளிர்காலப் பயிர் விதைத்துவிடுவார்கள், அப்புறம் வசந்தத்தில் அதை அறுக்கும் வரைக்கும் கால் வைக்க முடியாது. மத்தியானம் மூன்று மணி. கல் சுவரிலிருந்து நாற்பது தப்படி தள்ளி வெண்டல் டிடெக்டரை வீசிக்கொண்டு வருகிறார்.

அந்தக் கருவி இரும்பைக் கண்டால் உறுமும், தகர டப்பாவுக்கு இருமும். இப்போது விசிலடித்தது.

மண்டி போட்டார். தட்டையோடு மண்ணை வட்டமாக வெட்டித் திருப்பினார். உள்ளே, கறுத்த மண்ணில் பளிச்சென்று ஒரு விளிம்பு. நம் பழைய ஒரு ரூபாய் அளவு, தகடு மாதிரி மெலிசு, ஓரம் கோணல்மாணல். நடுவில் ஒரு மரம். சுற்றிலும் எழுத்துக்கூட்டத் தெரியாதவன் அடித்த எழுத்து. பைன் மர ஷில்லிங், இங்கே குடியேறியவர்கள் தாங்களே அடித்த முதல் வெள்ளிக்காசுகளில் ஒன்று.

இந்த ஊரில் டிடெக்டர் தூக்கும் ஒவ்வொருவனும் கனவில் பார்ப்பது இதைத்தான். இர்மாவின் பதினான்கில் இது கிடையாது.

வெண்டல் அந்த நிமிடத்தில் என்ன நினைத்தார் என்று நான் ஒரு பக்கம் எழுதினேன். "காலம் உறைந்தது. மூன்று நூற்றாண்டுகளின் மௌனம் அவர் உள்ளங்கையில்—" என்று போயிற்று அது. அவரிடமே சொல்லிக் காட்டினேன்.

"அதெல்லாம் இருக்கட்டும், குழியை மூடினேன்னு எழுதினியா?"

"முக்கியமான கட்டம் வெண்டல். இதுல குழி—"

"படிக்கிறவன் என்ன நினைப்பான்? மாடு காலை விட்டு ஒடிச்சுக்கும்ல!"

மூடினார். வாசகர்களே, குழியை மூடி, மண்ணை மிதித்து, தட்டையையும் நேராக வைத்தார்.

ஆனால் கத்தவில்லை, ஆடவும் இல்லை. ஏனென்றால் கல் சுவர் ஓரமாக மெடெய்ரோஸின் நாலு சக்கர வண்டி வந்துகொண்டிருந்தது. முன்னால் பிமென்டா. பின்னால், காலிக் கழுத்தோடு, அந்த இன்னொரு நாய்.

பையில் போட்டால் உதற வேண்டும். பாக்கெட்டில் போட்டாலும் உதற வேண்டும். வெண்டல் நேர்மையான மனிதர். அதனால்தான் திருட்டுப் புத்தி வந்த அந்த ஒரு நொடியில் அவருக்குக் கொஞ்சமும் சாமர்த்தியம் இல்லை.

வாயில் போட்டுக்கொண்டார்.

5

"என்னப்பா வெண்டல், இன்னிக்கு ஏதாச்சும் தேறிச்சா?" வயலோரம் நின்ற வெண்டலின் வண்டிக்குப் பக்கத்தில் வைத்து மெடெய்ரோஸ் கேட்டார்.

"ம்."

"ம்முன்னா?"

"ம்ம்."

பின்கதவில் தன் பையை உதறிக்கொண்டிருந்த இர்மா திரும்பினார். "என்னய்யா, நாக்கை வீட்டுலயே கழட்டி வெச்சிட்டு வந்துட்டியா? காலையில ஒரு பொத்தானைக் காட்டி முக்கால் மணி நேரம் பேசினியே."

வெண்டல் தலையை ஆட்டியபடி, பையையும் இரண்டு பாக்கெட்டையும் உதறினார். பின்கதவில் ஏழு பொத்தான், இரண்டு ஈயக் குண்டு, ஒரு கீல், நசுங்கிய பாட்டில் மூடி மூன்று விழுந்தன.

இர்மாவின் இடுப்பில் ஒரு கைக்கருவி எப்போதும் தொங்கும். பார்க்கக் கேரட் மாதிரி இருக்கும். தோண்டிய மண்ணுக்குள் உலோகம் எங்கே இருக்கிறது என்று குத்திப் பார்ப்பதற்கு. பேட்டரி இருக்கிறதா என்று அதைப் பொத்தான்மேல் ஆட்டினார், கத்தியது. கீல்மேல் ஆட்டினார், கத்தியது. கையை இறக்கும்போது வெண்டலின் முகத்தருகே போனது.

கீஈஈஈ.

இர்மா இடது கன்னத்தில் வைத்தார். சத்தமில்லை. வலது கன்னத்தில் வைத்தார்.

கீஈஈஈஈ.

வெண்டல் விரலால் பல்லைக் காட்டினார்.

"அடைச்ச பல்லா?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

"அந்தப் பக்கம் உனக்குப் பல்லே கிடையாதேய்யா! ஆகஸ்ட் பிக்னிக்ல சோளக்கதிரை ஒரு பக்கமாவே கடிச்சிட்டுத் திரிஞ்சது யாரு?"

"அவனை விடும்மா," என்றார் மெடெய்ரோஸ். "எனக்குப் பல்வலின்னா நானும் இப்படித்தான். மாட்டுக்கிட்ட கூடப் பேசமாட்டேன்."

(இர்மா கருவியை எடுத்துவிட்டார். பார்வையை எடுக்கவில்லை. அந்தப் பார்வையை வர்ணிக்க நான்கு உவமை எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். தபால் பெட்டிக்குள் பாம்பு இருக்கிறதென்று தெரிந்தவர் பார்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது இது. சுமார்தான்.)

மெடெய்ரோஸ் பின்கதவின்மேல் குனிந்தார். கீலைத் தூக்கி எடை பார்த்தார். ஆசையாகத்தான் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

"வேணாம். இன்னொரு இரும்பு வீட்டுக்குள்ள வந்தா தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்னு என் வீட்டுக்காரி சொல்லிட்டா." தலையைச் சொறிந்தார். "அதுவுமில்லாம நானும் யோசிச்சுப் பாத்தேன் வெண்டல். ஆறு வருஷமா மொதல்ல நான் எடுக்கறேன். நீ ஒரு தடவைகூட மூஞ்சியச் சுளிச்சதில்ல. ஒரு ஓட்ட மூடியக்கூட ஒளிக்காம கொண்டாந்து போடறே. என் மச்சான் இப்படி இருக்கமாட்டான். என் பிள்ளைங்களே இப்படி இருக்கமாட்டாங்க. அதனால இந்தத் தடவை மொதல்ல நீ எடுத்துக்கோ."

வெண்டல் காசை நாக்கால் இன்னும் உள்ளே தள்ளினார்.

"எதை வேணும்னாலும். எனக்குப் பங்கு வேணாம். இன்னிக்கு என் மண்ணுல கிடைச்சதுல உனக்குப் புடிச்சது எதுன்னு, வாயைத் தொறந்து சொல்லு. அது உன்னுது."

இங்கேதான் வெண்டல் என் சமையலறையிலிருந்து எழுந்து போனார்.

6

முடிவு அ. விழுங்கிவிடுகிறார். மருத்துவமனையில் எக்ஸ்ரே. டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்து, "உங்க வயித்துல ஒரு மரம் இருக்கு சார்" என்கிறார். இர்மா மூன்று நாள் டிடெக்டரோடு கழிவறை வாசலில் காவல். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. "ஷில்லிங் என்ன சைஸுன்னு தெரியுமா உனக்கு? தொண்டையிலயே நின்னுடும். நான் செத்துடுவேன்" என்றார் வெண்டல். கதாநாயகன் சாகலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்துக் கைவிட்டேன்.

முடிவு ஆ. தும்முகிறார். காசு பறக்கிறது. காலிக் கழுத்து நாய் கவ்விக்கொண்டு கல் சுவர் தாண்டி ஓடி—

இல்லை. சிக்கல் வந்ததும் நாயை அவிழ்த்து விடுவது கோழைத்தனம். நாற்பத்து மூன்று தொடர்களில் செய்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

முடிவு இ. வெண்டல் காசை உள்ளங்கையில் துப்பிப் பின்கதவில் வைக்கிறார். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். மெடெய்ரோஸ் அவரையே பார்க்கிறார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, காசை அவர் கையிலேயே வைத்து மூடுகிறார். மூன்று பேரும் மக்காச்சோளத் தட்டைக்கு நடுவே ஆடுகிறார்கள். இதை முழுசாக எழுதினேன், நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேலி ஓரமாக நிறுத்தி வெண்டலுக்குச் சொன்னேன். குழியைப் பற்றிக்கூடக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சிரிச்சானா?"

"யாரு?"

"மெடெய்ரோஸ். உன் கதையில அவன் சிரிச்சானா?"

"ஆமா. நல்லா சிரிக்கிறான்."

வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்கு ரைட்டரே," என்றார். உள்ளே போய்விட்டார்.

அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. 'நல்லா இருக்கு' என்று அவர் சொன்ன விதத்துக்குப் பிறகு அதை முடிவு என்று உங்கள் முன்னால் வைக்க என்னால் முடியவில்லை.

ஆகவே மூவரையும் அந்த வயலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். மெடெய்ரோஸ், தன் வாழ்நாளில் யாருக்கும் சொல்லாத பாராட்டைச் சொல்லிவிட்ட வெட்கத்தில், தொப்பியைத் திருகிக்கொண்டு காத்திருக்கிறார். அந்தக் காசு இப்போது வெண்டலுடையதுதான், கேட்டால் போதும். கேட்க வாயைத் திறந்தாலோ, அது எங்கே இருந்தது என்பதும் தெரிந்துவிடும். பேசாமல் ஒரு பொத்தானைக் காட்டிவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. அப்போதும் அந்த மனிதர் நன்றியோடு தோளில் தட்டிக் கொடுப்பார். அந்தத் தட்டலை வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. விழுங்கப் பயம். துப்பவும் பயம். அடுத்த வரி உங்களுடையது.

கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். பாவம், மூச்சு முட்டுகிறது அவருக்கு.