ஆபீஸில் இருந்த ஒரே போன்

மலேசியாவில் ரந்தாவ் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக்குக் கைத்தொலைபேசி சிக்னல் எட்டாத காலம் அது. ஆபீஸில் இருந்த ஒரே போன்தான் தோட்டத்துக்கே போன். அந்த நம்பரைத்தான் தாயம்மா சிரம்பான் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். பழக்குலை நெஞ்சில் விழுந்து அவள் புருஷன் சன்னாசி அங்கே கிடந்தான். நிலைமை மோசமானால் கூப்பிடுகிறோம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் தாயம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள்.

“போன் ஏதும் வந்துச்சாங்க, கிராணியம்மா?”

“இன்னும் இல்லக்கா. வந்தா ஆள் அனுப்புறேன். நீங்க வேலைக்குப் போங்க.”

ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி குமுதினி மனதாரத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கென்று அவளுக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது. மோடம் அவள் மேசைக் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. மேனேஜர் புவனேஸ்வரனுக்குத் தன் அறையிலும் இன்டர்நெட் வேண்டும். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் இழுத்தாகிவிட்டது. இனி அவள் கம்ப்யூட்டர் வழியாக அவருடையது வெளியே போகும்படி செய்ய வேண்டும்.

“சார், மோடம் ஓடினா போன் வராது. சன்னாசிக்கு ஆஸ்பத்திரியிலருந்து…”

“கொஞ்ச நேரந்தானே லா. அதுக்குள்ள என்ன ஆயிடப் போகுது? மத்தியானம் ஹெட் ஆபீஸுக்கு மெயில் போகணும்.”

மோடம் கீச்சிட்டு அடங்கியது. அவள் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வந்தது. மேனேஜர் அறையில் வரவில்லை. எண்களை மாற்றினாள், திரும்பத் தொடங்கினாள், மறுபடி டயல் செய்தாள். தோற்கத் தோற்க அவளுக்கு வீம்பு ஏறியது. அப்பாவும் இதே ஆபீஸில் கிராணியாக இருந்தவர். முடியவில்லை என்று மேனேஜர் முன்னால் போய் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் என்றது காலை முழுவதையும் தின்றுவிட்டது. தாயம்மாவின் நினைப்பே வரவில்லை.

கடைசியில்தான் பிழை தெரிந்தது. வெளியே போகும் வழியை மோடம் பக்கம் காட்டாமல், மேனேஜர் அறைக் கேபிள் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். அதனால் போனதெல்லாம் உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. மாற்றியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது: “வந்துருச்சு!” குமுதினிக்குச் சிரிப்பு பொங்கியது.

மெயில் போனதும் மோடத்தை நிறுத்தினாள். நிறுத்திய கையோடு போன் அடித்தது.

அவளே செம்பனைக்குள் ஓடினாள். புல் வெட்டிக்கொண்டிருந்த தாயம்மா, கிராணியம்மா ஓடி வருவதைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“உசுரு இருக்கா?”

குமுதினி இல்லை என்று தலையசைத்தாள். தாயம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தோட்டத்து லோரியில் இருவரும் போனார்கள். காலையிலிருந்து எத்தனையோ தடவை கூப்பிட்டும் லைன் கிடைக்கவில்லை என்று நர்ஸ் மலாயில் சொன்னாள். கடைசிவரை பெண்சாதியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

தாயம்மா திரும்பினாள். “போன் கெட்டுப்போச்சா, கிராணியம்மா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

“இல்லக்கா. கம்ப்யூட்டருக்காக நான்தான் லைனை எடுத்து வச்சிருந்தேன்.”

தாயம்மா கத்தவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா பஸ் ஏறி வந்திருப்பேனே.”

அதோடு சன்னாசியிடம் போய்விட்டாள். குமுதினி கதவருகிலேயே நின்றாள்.

மறுநாள் அவள் இன்னொரு லைன் கேட்டாள். ஹெட் ஆபீஸில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் புவனேஸ்வரன். அதோடு சரி.

கருமாதி முடிந்ததும் தாயம்மா ரெம்பாவில் இருந்த மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிய லோரி ஆபீஸைத் தாண்டியபோது குமுதினி வெளியே வந்து நின்றாள். முன்சீட்டில் இருந்த தாயம்மா நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு போனாள்.