காருக்கு ஒரு தாம்பாளம்

வடசேரியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜான்ரோஸுக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. அவருடைய பழைய நீலக் காருக்குத்தான் இல்லை. நின்ற இடத்தில் எல்லாம் எண்ணெய் சொட்டும். ஓடினால் தையல் மெஷின் மாதிரி டக் டக் என்று அடித்துக்கொண்டே வரும். அவரோ பெற்ற பிள்ளையைப் போல அதன் குறை எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். சொட்டுகிற எண்ணெய்க்கென்று கடையிலிருந்து ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துப் பின்சீட்டில் போட்டிருந்தார். வண்டி நின்றதும் இறங்கி ஓடி அடியில் வைத்துவிடுவார். வெற்றிலை பாக்கு வைக்க வேண்டிய தாம்பாளம், பாவம்.

ஆலய வளாகத்தில் புதிதாக வெள்ளை டைல்ஸ் பதித்த பிறகு சபைச் செயலாளர் ரசலையன் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், இனி ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டி கேட்டுக்கு வெளியேதான் என்று. ரசலையனைத் தாம்பாளத்தை வைத்துச் சமாளித்தாயிற்று. மனைவி தங்கபாயைச் சமாளிக்க முடியவில்லை.

"பாட்டுக் குழுவுல பக்கத்துல நிக்கவ கேக்கா, 'அக்கா, பப்படம் பொரிச்சிட்டா வாறிய?'ன்னு. சேலையெல்லாம் எண்ணெப் புகை. இனி நான் எட்சன் வண்டியிலதான் கோயிலுக்குப் போவேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள்.

எட்சன் அவளுடைய தம்பி. மஸ்கட்டில் கார் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். ஏசி வைத்த வெள்ளைக் கார் வைத்திருந்தான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வெள்ளைக் கார் முன்னால் போகும். மனைவியின் கொண்டையைப் பார்த்தபடி பின்னால் தனியாக வருவார் ஜான்ரோஸ். பக்கத்து சீட்டு காலியாகக் கிடப்பதைப் பார்க்க அவருக்கு நெஞ்சு கனத்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

அடுத்த ஞாயிறு தங்கபாய் இந்த முன்சீட்டில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்காக எட்சனிடம் போய் நிற்க மனம் வரவில்லை. பெண்டாட்டியைக் கொண்டுபோனவனிடமே உதவி கேட்பதா? ஓட்டை விழுந்த பானையை அவர் அப்பா பலாச்சக்கைப் பசை வைத்து அடைப்பதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். தோட்டத்துப் பலாமரத்தில் சக்கை பழுத்துக் கிடந்தது. பசையை எடுத்துக் காய்ச்சி எஞ்சின் மூடியைச் சுற்றி அப்பி, நட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பப்பட வாசனையோடு இப்போது கருகின சக்கைப்பழ வாசனையும் சேர்ந்துகொண்டது.

வேறு வழியில்லாமல் சனிக்கிழமை காலையில் எட்சனைக் கூப்பிட்டார். அவன் மூடியைக் கழற்றிவிட்டு, விரலில் நூல் நூலாக ஒட்டியதை முகர்ந்து பார்த்தான்.

"அத்தான், இது எந்த நாட்டு கம்பெனி பசை?"

ஜான்ரோஸ் வானத்தைப் பார்த்தார். தங்கபாய் சாயாவோடு வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சக்கை வெட்டுதப்ப கையில எதுக்கு எண்ணெ பூசுதோம்?"

"பசை ஒட்டாம இருக்கதுக்கு."

"அப்போ எண்ணெ ஒழுகுத எடத்துல எந்தப் புத்தியில அத அப்பினீங்க?"

எட்சன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்து அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. ஜான்ரோஸுக்கே உள்ளூரச் சிரிப்பு வந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

மூடிக்கு அடியில் எண்ணெயை அடைக்கும் கார்க் பேக்கிங் ஏற்கெனவே பழசாகி வெடித்திருந்தது, முறுக்கிய முறுக்கில் மொத்தமாகப் பிய்ந்து கிடந்தது. அதன் வழியாகத்தான் எண்ணெய் கசிந்து, சூடான புகைக்குழாயில் விழுந்து நாறியது. எட்சன் கையோடு புது பேக்கிங் வாங்கி வந்திருந்தான். "மேல இனி ஒழுகாது. கீழ எண்ணெ நிக்குத சம்ப் பக்கம் எப்பவாவது ஒரு சொட்டு விழுந்தா, அதுக்கு எங்கிட்ட வரப்பிடாது" என்றான்.

"சத்தம்?"

"வால்வத் தட்டுத டாப்பெட்டுல இடைவெளி கூடிட்டு. சரிபண்ணிரலாம். நீங்க பின்னால போய்த் தள்ளுங்க."

கியரைப் போட்டு வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் எஞ்சின் சுற்றும். ஒவ்வொரு வால்வாக மூடி நிற்கும் நேரம் பார்த்து, எட்சன் மெல்லிய தகட்டை இடையில் விட்டு, திருகை முறுக்குவான். தகடு லேசாகப் பிடித்துப் பிடித்து வர வேண்டும். வண்டிக்குப் பின்னால் ஜான்ரோஸ் வேட்டியை மடித்துக் கட்டி மூச்சு வாங்கினார். "இன்னும் ஒரு சாண் அத்தான்" என்பான் எட்சன். தள்ளியதும், "கூடிப் போச்சு, வேற வால்வு பாப்போம்" என்பான். அக்காவைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து இப்படி ஒரு காலையை அவன் பார்த்ததில்லை.

வேலை முடிந்து அவன் உள்ளே போய்க் கைகழுவிச் சாயாவுக்குக் காத்திருந்த நேரத்தில் ஜான்ரோஸ் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். சத்தம் குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. டிக் டிக் என்று மெதுவாகக் கேட்டது. இதற்குத்தானா இவ்வளவு தள்ளல்? எஞ்சினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, எதிர்வீட்டு ஷைஜுவைத் தள்ளச் சொல்லி, எல்லாத் திருகையும் இடைவெளியே இல்லாமல் இறுக்கினார். மூடியைப் போட்டு மறுபடி ஓட்டினார். சத்தமே இல்லை! மீசையை நீவிக்கொண்டு எட்சனைப் பார்த்தார். அவன் சாயாவை ஊதி ஊதிக் குடித்தான். எஞ்சின் சூடேறியது, குலுங்கியது, இருமியது, நின்றது.

"இரும்பு சூடானா நீளும் அத்தான். நீள எடம் விடலன்னா வால்வு மூடாது. ஆறட்டும், சாயங்காலம் வாறேன். நீங்க தெம்பா நாலு தோசை தின்னுட்டு இருங்க, முதல்ல இருந்து தள்ளணும்."

சாயங்காலம் முதலிலிருந்து தள்ளினார். எட்சன் மறுபடி இடைவெளி வைத்து மூடியைப் போட்டு ஓட்டினான். டிக் டிக். ஜான்ரோஸ் முகம் தொங்கிவிட்டது.

"தங்கம், சத்தம் போவாதாம். ஒனக்கு அந்த ஏசி வண்டிதான்" என்றார்.

"சத்தம் போவணும்னு நான் எப்போ சொன்னேன்?" என்றாள் தங்கபாய். "ராத்திரி நீங்க கடை அடைச்சு வாறப்ப வளைவுல அந்தச் சத்தம் கேட்டாத்தானே தோசைக்கல்லு அடுப்புல ஏறுது. இல்லாட்டா உங்களுக்கு யாரு சூடா சுட்டுத் தருவா?"

ஜான்ரோஸ் கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"மணத்தையும் கூடப் பொறுத்துக்குவேன். கோயில் வாசல்ல வண்டி நின்னதும் நீங்க தாம்பாளத்தத் தூக்கிட்டு அடியில குனியுதீங்க. நான் இந்த முட்டுவலியோட கதவைப் பிடிச்சுத் தொங்குதேன். எல்லாரும் பாத்துட்டுப் போறாவ. எனக்கு அதுதான் தாங்கல."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். எட்சன் சிரிக்கவில்லை. ஜான்ரோஸுக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கே தாம்பாளத்தைத் தேய்த்துக் கழுவிச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தார்.

ஞாயிறு காலை தங்கபாய் நீலக் காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மூக்கை இரண்டு தரம் உறிஞ்சிப் பார்த்தாள். பப்படமும் இல்லை, சக்கையும் இல்லை. வழியெல்லாம் டிக் டிக் என்று போனார்கள். வெள்ளைக் கார் பின்னால் வந்தது.

ஆலய வாசலில் வண்டி நின்றதும் ஜான்ரோஸின் கை பழக்கத்தில் பின்சீட்டைத் துழாவியது. சட்டென்று இழுத்துக்கொண்டார். சுற்றி வந்து கதவைத் திறந்து கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.

அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள். முன்சக்கரத்துக்கு அருகே வெள்ளை டைல்ஸில் கறுப்பாக ஒரு சொட்டு. அந்தப் பக்கமிருந்து ரசலையன் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தங்கபாய் ஒரு அடி எடுத்து வைத்துப் புதுச்செருப்பால் அந்தச் சொட்டின்மேல் நின்றுகொண்டாள்.

"என்ன அண்ணாச்சி, தேடுதீங்க?"

"ஒண்ணும் இல்ல. உள்ள போவலியா? மணி அடிச்சாச்சு."

"முட்டு வலிக்கி அண்ணாச்சி. கொஞ்சம் நின்னுட்டு வாறேன். நீங்க முன்னால போங்க."

ரசலையன் தலையாட்டிவிட்டுப் போனார். உள்ளே முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது. தங்கபாய் நகரவில்லை, பிடித்த கையையும் விடவில்லை.

"என்ன முழிக்கீங்க? துணி இருந்தா எடுங்க" என்றாள்.