கேப்டன் தெச்சேரா வைத்த பெயர்

கேப்டன் பால்தொமேரோ தெச்சேராவுக்குப் பிள்ளை கிடையாது. ஆனால் உருகுவாயில் எந்தப் பண்ணைக்குப் போனாலும் அவர் ஞானத்தகப்பனாக நின்ற பிள்ளை ஒன்று மூக்கொழுகிக்கொண்டு ஓடிவரும். யார் கேட்டாலும் மறுக்கமாட்டார். கேட்டாலே மீசை தன்னால் மேலே ஏறும். அவர் படைக்கு இறைச்சி சுட்டுப் போட்டவள் நான். அதனால் இந்தப் பெருமையெல்லாம் என் காதில்தான் விழுந்தது.

நாங்கள் தொப்பியில் சிவப்பு ரிப்பன் கட்டிய கட்சி, எதிரி வெள்ளை ரிப்பன். ரிப்பனை அவிழ்த்துவிட்டால் யார் எந்தக் கட்சி என்று பெற்றவளுக்கே தெரியாது. இதற்குத்தான் அவ்வளவு ரத்தம்.

அன்று காலை லிந்தோரோ என்ற வெள்ளை ரிப்பன்காரனைப் பிடித்து வண்டிச் சக்கரத்தில் கட்டியிருந்தார்கள். போன வருஷம் ஆற்றுத்துறையில் கேப்டனின் தம்பியை ஈட்டியால் குத்திக் கொன்றவன். அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் கேப்டன். அவன் செத்த பிறகு அவன் பெயரை அவர் வாயால் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. கைதிகளின் கழுத்தை அறுக்க இரண்டு கட்சியிலும் தனி ஆளே உண்டு. இந்தக் கழுத்தை மட்டும் நானே அறுப்பேன் என்று கேப்டன் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு பெண் கைக்குழந்தையோடு குதிரையில் வந்து இறங்கினாள். குழந்தைக்குக் காய்ச்சல், சண்டைக்குப் பயந்து சாமியார் ஓடிவிட்டார், நீங்களே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து ஞானத்தகப்பனாக இருங்கள் என்று கெஞ்சினாள். காய்ச்சல் நிஜம்தான், நான் தொட்டுப் பார்த்தேன். நீ யார் பெண்டாட்டி என்று ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டாமா அந்த மனுஷன்? மீசை ஏறிவிட்டது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு என் தண்ணீர்க் குவளையைப் பிடுங்கிக்கொண்டார்.

"பேரு என்னம்மா?"

"நீங்களே வைங்கய்யா."

குழந்தையின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நிக்காசியோ" என்று தண்ணீரை ஊற்றினார். தம்பியின் பெயர்.

பிறகு சிரித்துக்கொண்டே, அப்பன் எங்கே, இனி அவன் என் கொம்பாத்ரே ஆயிற்றே, கட்டிப்பிடிக்க வேண்டாமா என்று கேட்டார். அவள் வண்டிச் சக்கரத்தைக் காட்டினாள்.

எங்கள் சீமையில் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வார்கள். பிள்ளையின் அப்பனும் ஞானத்தகப்பனும் கொம்பாத்ரே ஆகிவிட்டால் ஒருவன் மேல் ஒருவன் கை வைக்கமாட்டான். வைத்தவனோடு யாரும் ஒரு நெருப்பைச் சுற்றி உட்காரமாட்டார்கள்.

"தெரிஞ்சேதான் வந்தியா?" என்றார் கேப்டன்.

"தெரியாம எதுக்கய்யா இவ்வளவு தூரம் வருவேன்?"

சார்ஜென்ட் மெல்லக் கிட்டே வந்தார். "சாமியார் இல்லாம ஊத்துனது கணக்குல வராது கேப்டன். நீங்க பாட்டுக்கு வேலையை முடிங்க."

"அப்ப நான் வச்ச பேரும் கணக்குல வராதாடா?"

கேப்டன் கத்தியை எடுத்துக்கொண்டு வண்டியடிக்குப் போய்க் கயிற்றை அறுத்தார். குழந்தையை வாங்கி லிந்தோரோவின் கையில் கொடுத்தார்.

"உன்னை நான் மன்னிக்கல. ஆத்துல நீ குத்துனியே, அவன் பேருதான் நிக்காசியோ. சாகுற வரைக்கும் தினம் இவனை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடணும் நீ. இப்பவே கூப்பிடு."

லிந்தோரோ குழந்தையைப் பார்த்து வாயைத் திறந்தான். சத்தமே வரவில்லை.

கேப்டன் அங்கேயே நின்று காத்திருந்தார்.