பிளாஸ்டிக்குக்குள் ஒரு யானை

பல்செட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓஸ்வால்ட் கேட்ட முதல் கேள்வி பல்லைப் பற்றியது அல்ல.

"ஏம்மா, நீ இப்ப சீவுறது பிளாஸ்டிக் தானே?"

"ஆமா அங்கிள், அக்ரிலிக். ஈறுல எங்க குத்துதோ அந்த இடத்த மட்டும் தேய்க்கிறேன்" என்றாள் சங்கமித்ரா. அல்சூரில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கை ஒட்டிய சின்ன அறையில் பதினோரு வருடமாகப் பல்செட் செய்கிறாள். அளவெடுத்த அச்சுகள்தான் அவளிடம் வரும், ஆட்கள் வருவது குறைவு. வந்தவர்களும் அவள் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை.

"பக்கத்துல இருக்கிற பல்லு மேல கீறல் விழாதா?"

"விழாம தேய்க்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அவர் சிரித்தார். சட்டைப் பையைத் தடவி எதையோ எடுத்து, அவள் குரல் வந்த திசையில் நீட்டினார். குளுகோமாவில் பார்வை போய் மூன்று வருடமாகிறது என்று அவருடைய சீட்டில் எழுதியிருந்தது.

"அப்ப இத உன்னால தொறக்க முடியுமா பாரு."

உள்ளங்கை அளவில் தடித்த, தெளிவான பிளாஸ்டிக் பெட்டி. மூடி இல்லை, திருகு இல்லை, விரல் நுழைய இடுக்கும் இல்லை. நடுவில் ஒரு வெள்ளை வளையம், அதற்குள் பழுப்பேறிய செப்புக் காசு. மேல் பகுதியில் அச்சடித்த சிறிய சீட்டு. காசில் ஒரு யானை நின்றுகொண்டிருந்தது.

"தொறக்காதம்மா" என்று குறுக்கே வந்தாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மௌரீன். "பழைய மைசூர் காசு. கம்பெனிக்காரன் அசலான்னு பாத்து, எவ்வளவு நல்லா இருக்குன்னு நம்பர் போட்டு, சீல் பண்ணிக் குடுத்திருக்கான். பெட்டிய ஒடச்சா அந்த நம்பர் செல்லாது. எத்தன வாட்டி சொல்றது இவருக்கு?"

ஓஸ்வால்ட் முகத்தைச் சங்கமித்ராவின் பக்கமே வைத்திருந்தார். "முப்பது வருஷமா காசு சேக்குறேன். இது மட்டும் கண்ணு போனப்புறம் வாங்கினது. போலி வந்துடக் கூடாதுன்னு சீல் வெச்சதா வாங்கினேன். உள்ள யானைன்னு கடைக்காரன் சொல்றான். சீட்டப் படிச்சு இவளும் சொல்றா. என் கைக்கு இது வெறும் சோப்பு டப்பா. உள்ள காசு இருக்கான்னே எனக்குத் தெரியாது."

சங்கமித்ரா பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினாள். சத்தமே இல்லை. ஓரத்தை விளக்கில் காட்டினாள். இரண்டு ஓடுகளை உருக்கி ஒட்டிய கோடு மயிரிழை போலச் சுற்றி ஓடியது. எங்கே பிடித்தால் இது விடும் என்று பார்க்க அவள் கை துறுதுறுத்தது.

"டைம் குடுங்க அங்கிள்" என்றாள்.

மறுநாள் மௌரீன் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் இருந்தது ராணி முகம் போட்ட ஒரு வெள்ளி அரை ரூபாய். "இது அவர்கிட்ட நாலு இருக்காம். இதுல பழகிக்கோன்னாரு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் சங்கமித்ரா தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். பல்செட் தேய்க்கும் மெஷினில் மெல்லிய பிளேடைப் பொருத்தி, ஒட்டிய கோட்டின் மேலேயே ஓட்டினாள். பிளாஸ்டிக் அறுபடுவதற்குப் பதில் சூட்டில் இளகி, பிளேடுக்குப் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். பிளேடு சட்டென்று உள்ளே இறங்கியது. பெட்டி திறந்தபோது, பொடி உள்ளே போய் மாவு தூவியதுபோல் காசை மூடியிருந்தது. பொடி போகட்டும் என்று துணியால் ஒரு தடவை துடைத்தாள். வெளிச்சத்தில் பார்த்தால், ராணியின் கன்னத்தின் குறுக்கே மெல்லிய கீறல்கள்.

பிளேடு படவில்லை. பொடியை வைத்து அவளேதான் தேய்த்திருக்கிறாள்.

சாயந்திரம் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். திட்டப்போகிறார் என்று நினைத்தாள்.

"உருகுச்சா, நொறுங்குச்சா?" என்று கேட்டார் ஓஸ்வால்ட்.

"உருகுச்சு அங்கிள்."

"மெஷின் சூட்டுக்கு உருகும். சும்மா வளைச்சுப் பாரு, என்னா பண்ணுதுன்னு."

பெட்டியின் ஒரு துண்டைக் குறட்டால் பிடித்து வளைத்தாள். வளையவே இல்லை, படக்கென்று முறிந்தது. பல்செட் பிளாஸ்டிக் அளவுக்கு இது தாங்காது, பொறுக்காது. அப்படியானால் இதை அறுக்கவே வேண்டாம். ஒரு மூலையில் நறுக்கினால் அந்த அதிர்ச்சியிலேயே ஒட்டு விட்டுவிடும். அடுத்த நான்கு நாளும் மிச்சத் துண்டுகளின் மூலைகளைக் கம்பி வெட்டும் கட்டிங் பிளேயரால் நறுக்கி நறுக்கிப் பார்த்தாள். காசிலிருந்து தள்ளி, சீட்டு இருக்கும் பக்கத்து மூலையில் ஆரம்பித்தால் விரிசல் கோட்டோடு ஓடியது. காசு இருக்கும் பக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் விவேக் நகரில் அவர்கள் வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேசையில் துண்டை நான்காக மடித்து விரித்தாள். பெட்டியை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டாள், சீட்டில் இருப்பது நாளைக்கு வேண்டியிருக்கும். கண்ணாடி மாட்டிக்கொண்டு, மௌரீனைத் தள்ளி நிற்கச் சொன்னாள். சில்லுகள் தெறிக்காமலிருக்க, பெட்டியைத் தடித்த பாலிதீன் கவருக்குள் போட்டு, பிளேயரையும் கையையும் உள்ளே விட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க வேணான்னா இப்பவே நிறுத்திடறேன்."

மௌரீன் கணவரைப் பார்த்தாள். அவர் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

"பண்ணுமா. இல்லாட்டி ராத்திரியெல்லாம் அத உருட்டிகினே இருப்பாரு."

முதல் நறுக்கில் மூலை மட்டும் உடைந்தது. இரண்டாவது மூலையை நறுக்கியதும் கறகறவென்று ஒரு சத்தம் பெட்டியின் பக்கவாட்டில் ஓடியது.

"விட்டுடுச்சு!" என்றார் ஓஸ்வால்ட், அவள் சொல்வதற்கு முன்பே.

விரிசலில் தட்டையான திருப்புளியை வைத்து லேசாகத் திருப்பினாள். மேல் ஓடு முழுசாகக் கழன்று வந்தது. கவரை உதறாமல், சில்லுகளை விட்டுவிட்டு, வெள்ளை வளையத்தை மட்டும் வெளியே எடுத்துத் துண்டின் மேல் கவிழ்த்தாள். வளையத்தைப் பின்னாலிருந்து மெல்ல அழுத்தினாள். காசு துண்டின் மேல் சத்தமில்லாமல் விழுந்தது. இந்த முறை எதையும் துடைக்கவில்லை. காற்று ஊதும் ரப்பர் பந்தால் இரண்டு தடவை ஊதினாள்.

"கை கழுவித் துடைச்சிட்டீங்களா அங்கிள்? விரல் பட்டா செம்பு கறுக்கும். ஓரத்தப் பிடிச்சா பரவாயில்ல. மூஞ்சியத் தொட்டா தடம் நின்னுடும்."

"தெரியும். முப்பது வருஷமா ஒரு காசோட மூஞ்சியையும் தொட்டதில்ல." காசை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்தார். கனம் பார்த்தார். பிறகு வலது கட்டைவிரலை மெதுவாகக் காசின் நடுவில் வைத்தார்.

கட்டைவிரல் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது.

"முதுகு" என்றார். "இது காலு. ஒண்ணு, ரெண்டு… தும்பிக்கை கீழ தொங்குது. மௌரீன், யானை தான்!"

"அதத்தானே ஒரு வருஷமா சொல்றேன்" என்றாள் மௌரீன்.

அவர் விடவில்லை. யானையின் தலைக்கு மேலே சூரியனையும் பிறையையும் தேடிப் பிடித்தார். பிறகு ஓரத்தைச் சுற்றி நகத்தை ஓட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார். திரும்பவும் ஓட்டினார். அதே இடத்தில் நின்றார்.

"இங்க வழவழன்னு இருக்கு. மத்த இடமெல்லாம் சொரசொரப்பு. இது என்னா?"

சங்கமித்ரா தன் பூதக்கண்ணாடியை எடுத்தாள். இத்தனை நாள் வெள்ளை வளையம் மறைத்திருந்த இடம் அது. அரிசி நீளத்துக்கு அரம் போட்டுத் தேய்த்த தடம். அதன் நடுவில் குண்டூசித் தலையளவு வெளுப்பான உலோகம். அது என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்தது. பல் கம்பிகளில் அவள் தினமும் பார்ப்பதுதான்.

"பத்தவெச்ச தடம் அங்கிள். யாரோ இதுல ஒரு வளையம் வெச்சுப் பத்தவெச்சிருக்காங்க. அப்புறம் எடுத்துட்டு ராவியிருக்காங்க. கழுத்துல போட்டுகினு இருந்திருக்காங்க இத."

"அப்ப கம்பெனிக்காரன் போட்ட நம்பர் தப்பா?" என்றாள் மௌரீன்.

"பாக்காம விட்டிருப்பான். இத்தினியூண்டு தானே." ஓஸ்வால்ட்டின் முகம் ஒரு கணம் வாடியது. தரம் குறைந்த காசு, சேர்ப்பவர்கள் கண்ணில் அடிபட்ட சரக்கு. ஆனால் விரல் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "இரு இரு. இது யானையோட காலுக்குக் கீழதானே இருக்கு? வளையம் இங்கன்னா யானை தலைகீழாத் தொங்கியிருக்குமே?"

சங்கமித்ரா காசை வாங்கி, தடம் மேலே வரும்படி பிடித்தாள். யானையின் கால்கள் வானத்தைப் பார்த்தன. பின்பக்கத்து எழுத்தை வெளியே காட்டிப் போட்டிருப்பார்களோ என்று திருப்பினாள். எழுத்தும் தலைகீழாகவே நின்றது.

"ஆசாரி அவசரத்துல வெச்சிருப்பாரு" என்றாள்.

"இல்ல" என்றாள் மௌரீன். "நான் நர்ஸா இருந்தப்போ யூனிஃபார்ம்ல வாட்ச் குத்துவோம், தலைகீழா. எதுத்தாப்புல நிக்கிறவங்களுக்குத் தப்பாத் தெரியும். குனிஞ்சு நாம தூக்கிப் பாத்தா நேராத் தெரியும்." அவள் சட்டென்று கையை நீட்டினாள். "குடு இப்படி."

காசை ஓரத்தில் பிடித்து, தன் கழுத்துக்குக் கீழே, தடம் மேலே இருக்கும்படி வைத்தாள். பிறகு கீழ் ஓரத்தை மெல்லத் தூக்கி, குனிந்து பார்த்தாள்.

"நேரா நிக்குது" என்றாள்.

ஓஸ்வால்ட் எழுந்தேவிட்டார். "அப்ப ஊருக்குக் காட்டப் போடல. அவ பாக்கறதுக்குப் போட்டுகினா!"

"பொம்பளன்னு எப்படித் தெரியும்?" என்றாள் மௌரீன். "சின்னப் பையனா இருக்கும். யானை யாருக்குப் பிடிக்கும்?"

"பையனா இருந்தா ரெண்டே நாள்ல தொலைச்சிருப்பான். வளையத்த ஏன் எடுத்தாங்க, அதச் சொல்லு."

சங்கமித்ரா சீட்டையும் காசையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, சில்லுகளைக் கவரோடு சுருட்டிக் கட்டினாள். மறுபடி சீல் வைக்க அனுப்புவதா என்று அவள் கேட்டது யார் காதிலும் விழவில்லை. உறையில் போடும்போதே யானையின் முதுகில் கட்டைவிரல் தடம் மங்கலாகத் தெரிந்தது. அவள் அதைச் சொன்னபோது ஓஸ்வால்ட், "எத்தன விரல் பட்டிருக்கோ, என்னோடதும் இருக்கட்டும்" என்றார்.

கிளம்பும்போது சூடாகக் காபி வந்தது. வளையத்தை எடுத்தது ஆள் செத்தபிறகா, கஷ்டத்தில் விற்கும்போதா என்று இருவரும் மாறி மாறி அவளையே கேட்டார்கள். அவளுக்கும் தெரியவில்லை. தேய்த்த தடம் ஒரே பக்கமாக இழுத்திருந்தது என்பது மட்டும் நினைவிருந்தது. அப்படியானால் தேய்த்தவர் இடதுகைக்காரரோ? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அங்கிள், இன்னொரு வாட்டி அந்த ஓரத்தப் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.