மூன்றரை மணி நேரத் தம்பி

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் இருக்கும். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். தம்பி இருக்கும் ஊர் மூன்றரை மணி நேரம். அதை அவளைவிட அதிகம் சொன்னவன் தம்பிதான். "மூணரை மணி நேரம்தான்க்கா. ஒரு போன் போடு, வந்து நிப்பேன்." இந்த ஒரு வசனத்தை வைத்தே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டான், கெட்டிக்காரன்.

அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்து அந்த மூன்று வருடம் ஆகிறது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவள்தான். வீட்டில் வேறு நாதி கிடையாது. இப்போது அவளுக்கே கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும். இரண்டு தடவை தள்ளிப்போட்டதில் டாக்டரம்மா கத்திவிட்டார். மதியம் அலுவலகத்தில் இருந்தபடியே தம்பிக்குப் போன் போட்டு, அடுத்த வாரம் மட்டும் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

"ஐயோ அக்கா, அந்த வாரம் பூரா ஃப்ளைட் ஃபுல். நான் தேடாத இடமில்ல. ஒரு சீட்டுகூட இல்ல."

அவள் கண் முன்னால் திரையில் அதே விமானம். பாதிக்கு மேல் காலி. டிக்கெட் விற்கிறவளுக்கே காது குத்துகிறான்! லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூட நம்பித் தொலைத்திருப்பாள். அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்பதே அவனுக்கு ஞாபகமில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

"சரிப்பா" என்று போனை வைத்தாள். அப்பாவுக்கு அவன் ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டாள். ஒருவழி, சக்கர நாற்காலி உதவியோடு.

சாயங்காலம் அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிடும்போது விஷயத்தைச் சொன்னாள். பிள்ளை பிள்ளை என்று உருகுகிறவர், சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அவனுக்கு எதுக்கும்மா தொந்தரவு? பாவம், வேலைக்குப் போறவன்."

"நானும் வேலைக்குத்தான் போறேன்ப்பா."

"உனக்குப் பழகிப்போச்சும்மா."

தம்பியின் பொய்யை எப்படியோ விழுங்கியிருந்தாள். இதை விழுங்க முடியவில்லை. அழுகை வந்தது, அதற்கு முன்னால் ஆத்திரம் வந்தது.

"அந்த டிக்கெட்ட ரத்து பண்ணிடேன்" என்றார் அப்பா.

"முடியாதுப்பா. போட்டா போட்டதுதான்."

டிக்கெட் விஷயத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. துண்டைப் பிழிந்து போட்டுவிட்டு, அங்கேயே நின்று தம்பியைக் கூப்பிட்டாள்.

"அப்பா ஞாயித்துக்கிழமை காலைல அங்க வர்றார். ஏர்போர்ட்டுக்கு வந்துடு."

"என்னக்கா திடுதிப்புன்னு? இங்க வீடு சின்னது, யாரு பாத்துக்குவா..."

"மூணரை மணி நேரம்தான்டா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பெட்டியை எடுத்து அப்பாவின் சட்டைகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள்.  கட்டிலில் கிடந்த அப்பா, இத்தனை வருடத்தில் அவளிடம் ஒருநாளும் பேசாத தணிந்த குரலில் கேட்டார்.

"திரும்பி வர்றதுக்கும் டிக்கெட் போட்டிருக்கேல்ல?"

அவள் நிமிரவில்லை.

"சீட்டே இல்லையாம்ப்பா. தம்பிதான் சொன்னான்."